கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை: ஊரப்பாக்கத்திலிருந்து எங்கே போவது?

ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் தெற்கே போகும் வண்டியில் ஏறினால் அடுத்தது கூடுவாஞ்சேரி, அதற்கடுத்தது பொத்தேரி, தடத்தின் முடிவில் செங்கல்பட்டு. வடக்கே போகும் வண்டியில் ஏறினால் தாம்பரம், கிண்டி, எழும்பூர். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை வருமுன் கண்டுபிடிக்கும் ஐந்து நிமிடச் சோதனையிலிருந்து, நோய் வந்துவிட்டால் செய்ய வேண்டிய கதிர்வீச்சு சிகிச்சைவரை எல்லாமே இந்த ஒரே தடத்தில் அடங்கிவிடுகின்றன. அரசு நிலையங்களில் சோதனைக்குக் காசு கிடையாது. மலைக் கிராமத்திலோ கடற்கரைக் குப்பத்திலோ இருக்கும் ஒரு பெண்ணோடு ஒப்பிட்டால், ஊரப்பாக்கத்துப் பெண்ணுக்குத் தூரம் ஒரு காரணமே இல்லை.

ஆனாலும் எடுத்தவர்கள் குறைவு. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுக்குள் இருக்கும் தமிழ்நாட்டுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இதில் வேடிக்கை, இந்த எண்ணோடு நாம் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிறோம். அகில இந்திய அளவு 1.9 சதவீதம்தான். உலகப் புற்றுநோய்க் கணிப்பின்படி 2022இல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது. ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் அடிப்படையான ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சோதனை எடுப்பது எளிது. "கொஞ்சம் சந்தேகமா இருக்கு, பெரிய ஆஸ்பத்திரில ஒருதடவ காட்டிடுங்க" என்று நர்ஸம்மா எழுதிக் கொடுக்கும் சீட்டை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவதுதான் கடினம். பலருடைய பயணம் அங்கேதான் நின்றுவிடுகிறது. எனவே சோதனையை எங்கே எடுப்பது என்று யோசிக்கும்போதே, முடிவு சரியில்லை என்றால் அடுத்து எங்கே போக வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

நோய் தரும் அவகாசம்

கர்ப்பப்பையின் கீழ்முனை, பிறப்புறுப்பின் உட்பக்கம் சற்றே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிதான் கர்ப்பப்பை வாய். ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து டார்ச் அடித்தால் நேராகக் கண்ணுக்குத் தெரியும். உள்ளுறுப்புகளில் இப்படி ஸ்கேனோ அறுவையோ இல்லாமல் பார்க்க முடிந்தவை மிகச் சில. இந்தச் சோதனை இவ்வளவு எளிதாக, இவ்வளவு மலிவாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. எனப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். அதை நிறுவிய ஜெர்மானிய மருத்துவர் ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸின் பல வகைகளில் 16, 18 என்ற எண்ணுள்ள இரண்டு மட்டுமே பத்தில் ஏழு புற்றுநோய்களுக்குக் காரணம். உடலுறவு வழியாகப் பரவும். மணவாழ்க்கையில் இருக்கும் பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் எப்போதாவது ஒருமுறை தொற்றி, ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கி, கர்ப்பப்பை வாயின் செல்களை மெல்ல மாற்றுகிறது. அந்த மாற்றம் புற்றாக மாற வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளிலேயே வரலாம்.

வைரஸ் உடம்பில் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும் என்பதால், இன்று 'பாசிட்டிவ்' என்று வந்தால் அது எப்போது, யாரிடமிருந்து தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை வைத்து வீட்டில் யாரும் யாரையும் விசாரிக்க இடமில்லை. மனைவியின் ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குமைகிற கணவன்மார்கள் இந்தப் பத்தியை இரண்டுமுறை படிக்கலாம்.

யாருக்கு, எப்போது

30 வயது ஆகிவிட்டால் தொடங்குங்கள். தேசிய வழிகாட்டுதல் 30 முதல் 65 வயதுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்கிறது. ஐந்தாண்டுக் கணக்கு நினைவில் நிற்காது என்றால் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வைத்த குறைந்தபட்ச இலக்கையாவது பிடித்துக்கொள்ளுங்கள்: 35 வயதுக்குள் ஒருமுறை, 45 வயதுக்குள் மறுமுறை. இலங்கையில் 1996 முதல் நடக்கும் பெண்கள் நல கிளினிக்குகள் 35 வயதுப் பெண்களைக் குறிவைத்தே அழைக்கின்றன. வயதை வைத்து அழைத்தால் பெண்கள் மறப்பதில்லை. நம் பக்கம் அப்படி அழைப்புக் கடிதம் வராது. 35வது பிறந்தநாளை நீங்களேதான் குறித்துவைக்க வேண்டும்.

குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் சோதனை தேவை. அந்த ஆபரேஷனுக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் தொடர்பில்லை. கணவரை இழந்தவர்களுக்கும், பிரிந்து வாழ்பவர்களுக்கும், மாதவிலக்கு நின்றுபோனவர்களுக்கும் தேவை. கர்ப்பப்பையையே எடுத்துவிட்டவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துப் பாருங்கள். வாயும் சேர்த்து எடுக்கப்பட்டு, எடுத்த காரணமும் புற்றுநோயோ அதன் முந்தைய நிலையோ இல்லை என்றால், சோதனை வேண்டாம். வாய்ப் பகுதியை விட்டுவைத்திருந்தால் வேண்டும். உடலுறவே இல்லாதவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. அவர்களுக்கு வழக்கமாகச் சோதனை செய்வதில்லை. கர்ப்பமாக இருப்பவர்களும், குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகாதவர்களும் காத்திருக்கலாம்.

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்கள் 25 வயதிலேயே தொடங்கி, மூன்று முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையிலோ செங்கல்பட்டிலோ மருந்து வாங்கப் போகும் நாளிலேயே இதைக் கேட்டுவிடலாம்.

இனி ஒரு முக்கிய விலக்கு. உறவுக்குப் பின் ரத்தம் படுவது, மாதவிலக்கு நின்று ஓராண்டுக்கு மேல் ஆனபின் மறுபடி ரத்தம் வருவது, இரண்டு மாதவிலக்குக்கு நடுவே ரத்தப்போக்கு, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் நீங்கள் 'ஸ்கிரீனிங்' வரிசையில் நிற்க வேண்டியவர் அல்ல. முகாம் வரட்டும் என்று காத்திருக்காமல் நேராக மகளிர் மருத்துவரிடம் போங்கள். ஸ்கிரீனிங் என்பது எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கானது. இந்த வேறுபாட்டை நம் சுகாதார விளம்பரங்கள் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் குறை.

மூன்று சோதனைகள்

அரசு சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் செய்வது 'வி.ஐ.ஏ.' என்ற சோதனை. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் வீரியத்தில் உள்ள கரைசலை, பஞ்சில் தோய்த்து கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். செல்கள் மாறியிருக்கும் இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். கூடவே அயோடின் தடவிப் பார்ப்பதும் உண்டு. நல்ல செல்கள் பழுப்பாகும், மாறிய செல்கள் நிறம் ஏற்காது. லேப் வேண்டாம், முடிவு அப்போதே.

இந்த எளிய சோதனையின் மதிப்பை உலகுக்குக் காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டம். 2000ஆம் ஆண்டில் தொடங்கி, ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ மையமும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் பிற நிறுவனங்களும் சேர்ந்து, பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கொண்டு 30 முதல் 59 வயதுவரையான கிராமப் பெண்களுக்கு வினிகர் சோதனை செய்தார்கள். சோதனை வாய்ப்புத் தரப்பட்ட ஊர்களில், மற்ற ஊர்களைவிட இந்த நோய் 25 சதவீதமும், இறப்பு 35 சதவீதமும் குறைந்ததாக 2007இல் லான்செட் இதழ் வெளியிட்டது. சாதித்தவர்கள் செவிலியர்கள். 'நர்ஸ்தானே பாக்குறாங்க, டாக்டர் இல்லையே' என்று தயங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. அதே 2007இல் தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டம் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாக இதைத் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் கொண்டுவந்தது. இன்று உங்கள் பக்கத்து சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவு என்று ஒரு மேசை இருப்பது அந்தத் தொடர்ச்சியில்தான்.

தனியார் மருத்துவமனைகளிலும் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் செய்வது 'பாப் ஸ்மியர்'. சிறிய பிரஷ்ஷால் செல்களைச் சேகரித்து, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். முடிவு வரச் சில நாள் ஆகும்.

மூன்றாவது எச்.பி.வி. டெஸ்ட். வைரஸ் இருக்கிறதா என்று நேரடியாகப் பார்ப்பது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் ஒரே ஒருமுறை எடுத்த எச்.பி.வி. டெஸ்ட் இந்த நோயால் ஏற்படும் இறப்பை ஏறக்குறைய பாதியாக்கியது. அதே ஆய்வில் ஒரே முறை எடுத்த பாப் ஸ்மியரும் வினிகர் சோதனையும் அவ்வளவு பலன் தரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் எச்.பி.வி. டெஸ்டையே முதன்மையாகப் பரிந்துரைத்தது. ஆஸ்திரேலியா 2017 டிசம்பரிலேயே பாப் ஸ்மியரைக் கைவிட்டு இதற்கு மாறிவிட்டது. 2022 முதல் அங்கே எந்தப் பெண்ணும் மாதிரியைத் தானே எடுத்துக் கொடுக்கலாம்.

அப்படியானால் எதை எடுப்பது? கையில் பணம் இருந்தால், குறிப்பாக 50 வயதைக் கடந்திருந்தால், எச்.பி.வி. டெஸ்ட். மாதவிலக்கு நின்றபின் செல்கள் மாறும் பகுதி உள்ளே ஏறிவிடுவதால் வினிகர் சோதனையின் கண்ணுக்கு அது எட்டாமல் போகலாம். எச்.பி.வி. நெகட்டிவ் என்றால் ஐந்து ஆண்டுகளுக்கு நிம்மதியாக இருக்கலாம். பணம் இல்லையென்றால் வினிகர் சோதனையை உடனே எடுத்துக்கொண்டு, ஐந்தாண்டில் தவறாமல் திரும்ப எடுங்கள். நல்ல டெஸ்ட்டுக்காகக் காத்திருந்து எதையும் எடுக்காமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

ஒரு எச்சரிக்கை. ஜி.எஸ்.டி. சாலையில் நெடுகத் தொங்கும் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' பலகைகளை நம்பி, "ஸ்கேன் எடுத்தாச்சு, கர்ப்பப்பை நல்லாயிருக்குன்னு சொல்லிட்டாங்க" என்று இருப்பவர்கள் நிறைய. வயிற்று ஸ்கேனில் கட்டி தெரியும், நீர்க்கட்டி தெரியும். கர்ப்பப்பை வாயில் செல் மாறுவது தெரியவே தெரியாது. மகிந்திரா சிட்டியிலோ மறைமலை நகரிலோ வேலை பார்ப்பவர்கள், கம்பெனி தரும் செக்கப் பட்டியலில் 'பாப்' அல்லது 'எச்.பி.வி.' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தடம்

கூடுவாஞ்சேரி ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம். அங்கே நந்திவரத்தில் அரசு சுகாதார நிலையம் இருக்கிறது. ஊரப்பாக்கம் டீக்கடை நிறுத்தத்தில் பஸ் ஏறினாலும் சிறிது நேரத்தில் போய்விடலாம். முதல் சோதனைக்கு இதுபோன்ற பக்கத்து நிலையமே போதும். கிளம்பும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: சோதனைக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் அன்று இருக்கிறாரா என்பது. அவருக்கு வேறு ஊரில் பயிற்சி வகுப்போ முகாம் வேலையோ இருக்கலாம். உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடமோ, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடமோ கேட்டால் நாள் சொல்வார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் தன்னார்வலர் இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்ய முடியாது. ஆனால் சரியான ஆளிடம் உங்களை அனுப்ப அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. 104 என்ற அரசு சுகாதாரத் தகவல் எண்ணிலும் கேட்கலாம்.

பொத்தேரியில் ரயிலை விட்டு இறங்கியதும் எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தனியார் நிறுவனம், கட்டணத்தை முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். பாப் ஸ்மியரிலிருந்து அறுவை சிகிச்சைவரை ஒரே வளாகத்தில் முடிய வேண்டும் என்பவர்களுக்கு வசதி.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் இந்தத் தடத்தின் முதுகெலும்பு. 1965இல் தொடங்கிய கல்லூரி. மாவட்டத்தின் சுகாதார நிலையங்களில் 'பாசிட்டிவ்' வரும் பெண்கள் அடுத்த கட்டத்துக்கு இங்கேதான் அனுப்பப்படுகிறார்கள். வார நாளில் காலை ஓ.பி. நேரத்துக்கே போய், மகளிர் நோய்ப் பிரிவுக்குச் சீட்டு வாங்குங்கள். கூட்டம் இருக்கும். அரை நாள் போய்விடும் என்று மனதைத் தயார் செய்துகொண்டு, கையில் தண்ணீரும் ஏதாவது சாப்பிடவும் எடுத்துப் போவது நல்லது. முதல் சோதனையையே இங்கே எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். ஒருநாள் லீவு போட முடிந்தவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். சந்தேகம் வந்தால் அடுத்த கதவு அதே கட்டடத்தில் இருக்கிறது.

வடக்குப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தாம்பரத்தின் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை அருகில். எழும்பூரில் இறங்கினால் 1844இல் தொடங்கிய அரசு மகப்பேறு மருத்துவமனை, பெண்களுக்கென்றே உள்ளது. கிண்டியில் இறங்கி சர்தார் பட்டேல் சாலை வழியாகப் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போனால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் சாந்தாவின் வாழ்நாள் உழைப்பில் வளர்ந்தது. புற்றுநோய் உள்ளவர்கள் மட்டுமே போகும் இடம் என்று எண்ணி அந்த வாசலையே மிதிக்க அஞ்சுபவர்கள் உண்டு. நோய் இல்லாதவர்களுக்கான தடுப்புப் பிரிவும் அங்கே இருக்கிறது.

ஊருக்குள்ளேயே இருக்கும் தனியார் கிளினிக்குகளும் லேப்களும் மாலையிலும் திறந்திருக்கும் என்பது அவற்றின் பெரிய பலம். பாப் ஸ்மியர் சில நூறு ரூபாயில் தொடங்கும், எச்.பி.வி. டெஸ்ட் அதைப்போலச் சில மடங்கு. லேப் பேப்பரைக் கையில் வாங்கியதோடு நிறுத்தாமல் மகளிர் மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

முகாம்களைப் பற்றி ஒரு வார்த்தை. அபார்ட்மெண்ட் வாசலிலும் பள்ளி வளாகத்திலும் சனி, ஞாயிறுகளில் நடக்கும் முகாமில் எடுப்பது தவறில்லை. ஆனால் சோதனை மேசையில் ஏறும் முன்பே கேளுங்கள்: "பாசிட்டிவ் வந்தா யாரு, எங்க பாப்பாங்க?" இதற்குத் தெளிவான பதில் இல்லாத முகாமில் ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டு திரும்பிவிடலாம்.

அன்றைய நாள்

மாதவிலக்கு முடிந்து சில நாள் கழித்துப் போவது நல்லது. அதற்கு முந்தைய இரண்டு நாளில் உறவு வேண்டாம், உள்ளே வைக்கும் மாத்திரை வேண்டாம், உட்புறத்தைக் கழுவவும் வேண்டாம். முடி நீக்க வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். புடவையோ பாவாடையோ நைட்டியோ வசதி. லெக்கிங்ஸ் போட்டால் முழுக்கக் கழற்ற வேண்டிவரும், அந்தச் சங்கடத்திலேயே சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். உள்ளே போகும் முன் சிறுநீர் கழித்துவிடுங்கள்.

என்ன சொல்லிக் கேட்பது என்பதும் முக்கியம். ஓ.பி.யில் "வெள்ளைப்படுது சிஸ்டர்" என்று மட்டும் சொன்னால் மாத்திரைச் சீட்டோடு அனுப்பப்பட வாய்ப்பு அதிகம். பெயரைச் சொல்லியே கேளுங்கள்:

"சிஸ்டர், எனக்கு முப்பத்தெட்டு வயசு. கர்ப்பப்பை வாய் புற்றுநோய் டெஸ்ட் எடுத்துக்கணும். இன்னிக்கு எடுப்பீங்களா? இல்லன்னா எந்த நாள் வரட்டும்?"

"எத்தன குழந்தைங்கம்மா? கடைசியா எப்ப தலைக்கு ஊத்துன?"

இந்தக் கேள்விகளுக்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. பதிவேட்டில் எழுதும் விவரங்கள்தான். பிறகு திரைக்குள்ளே கட்டிலில் படுத்து, முழங்காலை மடக்கி விரிக்கச் சொல்வார்கள். ஸ்பெகுலம் உள்ளே போகும்போது அழுத்தம் தெரியும். வினிகர் பட்டால் லேசாக எரியலாம். மூச்சை மெதுவாக விட்டு இடுப்பைத் தளர்த்தினால் வலி பெரிதாக இருக்காது. வலித்தால் "நிறுத்துங்க" என்று சொல்லலாம், அது உங்கள் உரிமை. ஆண் மருத்துவர் என்றால் கூட ஒரு பெண் செவிலியர் இருக்க வேண்டும் என்று கேட்பதும் அப்படித்தான்.

தனியாகப் போகத் தயக்கமா? சுய உதவிக் குழுவிலோ பக்கத்து வீட்டிலோ மூன்று நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போய்விடுங்கள். வீட்டு வேலைக்கும் சமையலுக்கும் போகும் பெண்களுக்கு இலவசச் சோதனைக்கும் ஒரு விலை உண்டு: அன்றைய கூலி. ஊரப்பாக்கம் அபார்ட்மெண்ட் சங்கங்கள் தங்கள் வளாகத்தில் வேலை செய்யும் பெண்களுக்குச் சம்பளத்தோடு அரைநாள் லீவு கொடுத்தால், வாட்ஸ்அப் குழுவில் பகிரும் விழிப்புணர்வுப் படங்கள் அத்தனையையும்விடப் பயன் தரும்.

பாசிட்டிவ் என்றால்

பாசிட்டிவ் என்பது புற்றுநோய் அல்ல. வெள்ளைத் திட்டு வெறும் புண்ணாலும் அழற்சியாலும்கூட வரும். பாசிட்டிவ் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. ஆனால் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதை அடுத்த சோதனைதான் சொல்லும்.

எனவே அந்த மேசையை விட்டு எழும் முன், எங்கே போக வேண்டும், எந்தக் கிழமை, எந்தப் பிரிவு என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பதிவேட்டில் சரியான போன் நம்பரைக் கொடுங்கள். பல பெண்கள் கணவர் நம்பரைக் கொடுத்துவிட்டு, நர்ஸ் கூப்பிடும்போது அவர் ஷிஃப்ட்டில் இருக்க, தகவலே வந்து சேராமல் போகிறது. வீட்டில் வேறு யார் எடுத்தாலும் விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்றால் அதையும் நர்ஸிடமே சொல்லிவிடலாம். முடிந்தால் அதே வாரத்தில் செங்கல்பட்டுக்குப் போய்விடுங்கள். ஒருமாதம் தள்ளினால் அது ஒரு வருடமாகும். பள்ளித் திறப்பு, ஊர்த் திருவிழா, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று நம் வீட்டில் காரணங்களுக்குப் பஞ்சமா?

அங்கே கால்போஸ்கோப் என்ற கருவியால் கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். சந்தேகமான இடத்தில் அரிசி அளவு சதையைக் கிள்ளி பயாப்சிக்கு அனுப்புவார்கள். புற்றுக்கு முந்தைய மாற்றம் என்று வந்தால், அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்தோ, சூடு வைத்தோ, மின்கம்பி வளையத்தால் வழித்தோ எடுத்துவிடலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். பிறகு சில வாரம் நீர்போல வெள்ளைப்படும். நான்கு வாரம் உறவு கூடாது. ஓராண்டு கழித்து மறுசோதனை.

இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியது: புற்றுக்கு முந்தைய நிலைக்குப் பொதுவாகக் கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை. "எதுக்கு வம்பு, குழந்தை பெத்தாச்சு, எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் பயாப்சி ரிப்போர்ட்டைக் கேளுங்கள். ரிப்போர்ட்டே இல்லாமல் ஆபரேஷன் தேதி குறிப்பவர்களிடமிருந்து விலகி, செங்கல்பட்டிலோ எழும்பூரிலோ இரண்டாவது கருத்து கேளுங்கள். வெறும் வெள்ளைப்படுதலுக்காகக் கர்ப்பப்பையை இழந்தவர்கள் நம் ஊர்களில் குறைவில்லை.

புற்றுநோய் என்றே உறுதியானாலும், தொடக்க நிலையில் அறுவை சிகிச்சையால், சற்றே முற்றிய நிலையில் கதிர்வீச்சும் மருந்தும் சேர்ந்த சிகிச்சையால் குணமாகிறவர்கள் ஏராளம். அடையாறு, சென்னை சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969 முதல் இயங்கும் அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை ஆகியவை நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளவை. காரப்பேட்டைக்குச் செங்கல்பட்டு போய் அங்கிருந்து காஞ்சிபுரம் போக வேண்டும். கதிர்வீச்சு பல வாரம், வாரத்தில் ஐந்து நாள் நடக்கும். தினமும் அலைவதா, பக்கத்தில் தங்குவதா என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். நோய் வந்தபின் ஓடாமல் இப்போதே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

மகள் இருக்கிறவர்களுக்கு: எச்.பி.வி. தடுப்பூசி 9 முதல் 14 வயதுக்குள் போட்டால்தான் முழுப் பலன். புனே சீரம் நிறுவனத்தின் 'செர்வாவாக்' 2023 முதல் கிடைக்கிறது. 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இலவசமாகப் போட 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். உங்கள் பகுதியில் எந்த நிலையில் இருக்கிறது என்று பள்ளியிலும் சுகாதார நிலையத்திலும் கேளுங்கள். ஊசி போட்ட பெண்ணுக்கும் 30 வயதானதும் சோதனை உண்டு.

ஊரப்பாக்கத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் அதிகம். இரண்டு மூன்று வருடத்தில் நந்திவரத்துக்கோ பெருங்களத்தூருக்கோ வீடு மாறிவிடுகிறார்கள். பழைய நிலையத்தின் பதிவேடு அங்கேயே தங்கிவிடுகிறது. சோதனை எடுத்த தேதி, இடம், எந்த டெஸ்ட், என்ன முடிவு, அடுத்து எந்த வருடம் என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் கவரில் போட்டுவையுங்கள். ரிப்போர்ட்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்து நர்ஸம்மா முதலில் கேட்பது அதைத்தான்.